கழுநீர்ப் பானை

வாயில்லா ஜீவன் என்று ஆடு மாட்டைத்தான் சொல்வார்கள். கீரையையும் அந்த வரிசையில் சேர்க்கலாம். ஆடு பசித்தால் கத்தும், வயிறு முட்டினால் தலையைத் திருப்பிக்கொள்ளும். கீரை ஒன்றும் செய்யாது. ஊற்றினால் குடிக்கும்.

எடைமேடைக்காரருக்கு இது அறுபத்தெட்டு வயதில்தான் தெரியவந்தது. முப்பத்தொரு வருடம் லாரிகளை எடை போட்டவர். வண்டி மேடையில் ஏறும்போதே டயரைப் பார்த்து இத்தனை டன் என்று சொல்லிவிடுவார். மண்ணைத் தொட்டு ஈரமா, காய்ச்சலா என்று சொல்ல மட்டும் வராது. அதெல்லாம் இளைய மகளின் வேலை. அவள் போய் ஏழு மாதம் ஆகிறது. ஐந்து நாள் காய்ச்சல். ஆறாம் நாள் இல்லை.

இப்போது வீட்டில் இரண்டு பேர். அவரும், அவள் புருஷனும்.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். காலை ஐந்து மணிக்கு எழுந்து அரிசி களைந்து உலை வைப்பான். ஏதாவது ஒரு காயை வதக்கித் தன் பங்கை டப்பாவில் போட்டுக்கொண்டு, மாமனார் பங்கை மூடி வைத்துவிட்டு ஆறேகாலுக்குக் கிளம்பிவிடுவான். மதியம் பாத்திரம் கழுவுவது, அடுத்த நாள் காயை அலசி வைப்பது, பருப்பைக் களைந்து ஊறப்போடுவது எல்லாம் மாமனார் பொறுப்பு. உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொண்ட வேலை இல்லை. அவள் விட்டுப்போன வேலையில் கைக்கு எட்டியதை இவரும் எடுத்துக்கொண்டார், அவனும் எடுத்துக்கொண்டான். அவ்வளவுதான்.

பேச்சு என்று பார்த்தால் ஒரு நாளைக்கு மூன்று வார்த்தை. "சாப்டீங்களா", "வர்றேன்", "சரி." நாலாவது வேண்டுமென்றால் கேஸ் சிலிண்டர் தீரவேண்டும்.

அடுக்களைக்குப் பின்னால், சுவருக்கும் மதிலுக்கும் நடுவில், நாலடி அகலத்துக்கு ஒரு துண்டு மண். உடைந்த ஓடுகளை வரிசையாக நட்டு அதை ஒரே பாத்தியாக்கி இளையவள் அரைக்கீரை விதைத்திருந்தாள். வேரோடு பிடுங்காமல் விரல் உயரம் விட்டு அறுத்தால் மறுபடி துளிர்க்கிற கீரை. அவள் விதைத்தது. அவள் நாலு முறை அறுத்தாள். அதற்குப் பிறகு இவர்கள் அறுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் கீரைக்கு அவள் வெறும் குழாய்த் தண்ணீர் விட்டதே குறைவு. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் காது ஒடிந்த அலுமினியப் பானை ஒன்று இருக்கும். அரிசி களைந்த கழுநீர், பருப்பு களைந்தது, காய் அலசினது எல்லாம் அதில் விழும். ஒரு நாள் வைத்துப் புளிக்கவிடுவாள். மறுநாள் பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்து, இலையில் படாமல் வேரில் ஊற்றுவாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள். "சோப்பு பட்டது சாக்கடைக்கு, உப்புப் போட்டு வெந்தது சாக்கடைக்கு, மிச்சமெல்லாம் என் கீரைக்கு" என்பாள். அவர் அந்தப் பக்கம் போனாலே சத்தம் வரும்: "அப்பா, அந்தப் பானையைச் சாய்ச்சுடாதீங்க, அது நேத்துத் தண்ணி!"

அவள் போன மூன்றாம் வாரம் ஒரு சாயங்காலம் அவர் கதவுக்குப் பின்னால் பார்த்தார். பானை நிறையக் கழுநீர் இருந்தது. மாப்பிள்ளை அரிசி களைந்து பழக்கதோஷத்தில் அதில் ஊற்றியிருப்பான். அதை வெளியே கொண்டுபோய்ச் செடிக்கு விட அவனுக்கு மனம் வராது, பாவம், அந்தப் பக்கத்தையே திரும்பிப் பார்ப்பதில்லை என்று இவராகவே நினைத்துக்கொண்டார். முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பானையைத் தூக்கிப்போய்த் தண்ணீர் கலந்து ஊற்றினார். பருப்பும் காயும் களைந்த தண்ணீரைக் காலிப் பானையில் நிரப்பி, பழையபடி கதவுக்குப் பின்னால் வைத்தார். அன்றிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதுவே அவர் வேலை. மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, அவன் "சரி" என்பான்.

போன மாதம் மூத்தவளிடமிருந்து போன் வந்தது. அவள் வேறு ஊரில் இருக்கிறாள், மூன்று மணி நேரப் பயணம். அவருக்குக் காது மந்தம், அதனால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். மாப்பிள்ளை எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அப்பா, நல்லா கேளுங்க. ஏழு மாசம் ஆகப்போகுது."

"எதுக்கு?"

"எதுக்கா? நீங்க அங்க உக்காந்திருக்கிறதுக்கு. பொண்ணைக் குடுத்த வீட்ல பொண்ணே இல்ல. நீங்க மட்டும் தட்டைப் போட்டு உக்காந்திருந்தா நாலு பேரு என்ன சொல்வாங்க?"

"யாரு அந்த நாலு பேரு? எனக்கு ரெண்டு பேருக்கு மேல தெரியாதே."

"கிண்டலெல்லாம் வேணாம். தம்பிக்கு முப்பத்திமூணு வயசுதான் ஆகுது. நாளைக்கு அவருக்குன்னு ஒருத்தி வரணும்ல? வர்றவ உங்களைப் பாத்துட்டு, இது யாருன்னு கேட்டா அவர் என்னன்னு சொல்வாரு? முதல் பொண்டாட்டியோட அப்பான்னா?"

அவர் அவசரமாக ஸ்பீக்கரை அணைக்கத் தேடினார். விரல் வேறெதையோ அழுத்தியது. சத்தம் இன்னும் கூடியது.

"அடுத்த மாசம் மூணாவது ஞாயித்துக்கிழமை நானே வர்றேன். துணிமணியை எடுத்து வைங்க."

"கீரை இருக்கே" என்றார்.

"என்னது?"

"உன் தங்கச்சி போட்ட கீரை. துளுத்துக்கிட்டே இருக்கு. அதைப் பாதியில விட்டுட்டு எப்படி வர்றது? அது முடியட்டும், வந்துடறேன்."

"கீரைக்காகவா?" என்றாள் மூத்தவள். "சரி. நான் வந்து பாக்கறேன். முடிஞ்சிருந்தா மறுபேச்சு பேசக்கூடாது."

மாப்பிள்ளை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். சோறு பாதி மிச்சமிருந்தது. "சாப்டீங்களா மாமா" என்றான். அவரும் அவன் எதிரில் உட்கார்ந்து இவ்வளவு நேரமாகச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

வாயிலிருந்து தவறி விழுந்த சாக்குதான். ஆனால் விழுந்த பிறகு அதைப் பிடித்துக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. மூத்தவள் சொன்னதில் ஒன்றும் பிசகில்லை என்று அவருக்கே தெரியும். இந்த வீட்டில் அவருக்கு உரிமை என்று ஒன்று இருந்ததென்றால் அது இப்போது மண்ணுக்கு மேலே விரல் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. அது உள்ளவரை அவர் உண்டு.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பது தினம் என்றானது. பானைத் தண்ணீர் போதவில்லை. தெரு முக்கில் ஒரு சாப்பாட்டுக் கடை உண்டு. அங்கே தினம் ஒரு மூட்டை அரிசி களைவார்கள். மதியக் கூட்டம் கலைந்ததும் போய் நின்றார்.

"கழுநீரா?" என்றார் சமையற்காரர். "மாடு வாங்கிட்டீங்களா?"

"மாடு இல்ல. கீரைக்கு."

"கீரைக்கா! எங்களுக்கு மனுசனுக்கு ஊத்தவே நேரமில்ல. அண்டா தேய்க்கிறவன் இன்னைக்கும் வரல பாருங்க, மூணு நாளாச்சு."

அவர் கொண்டுபோன இரண்டு வாளிகளையும் கீழே வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாலு அண்டா. அடி பிடித்த சோற்றை முதலில் ஊறவைத்து, கரண்டியால் சுரண்டி, பிறகு நார் போட்டுத் தேய்க்கவேண்டும். சமையற்காரர் முதலில் தடுத்தார், பிறகு தடுக்கவில்லை. முடிந்தபோது எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்கவேண்டியிருந்தது. இரண்டு வாளி கழுநீரோடு வீட்டுக்கு வந்தார். நடுவில் ஏழு இடத்தில் இறக்கி வைத்தார். மறுநாளும் போனார். அதற்கு மறுநாள் அவர் போகும்போதே பலகை தயாராக இருந்தது.

முதல் பத்து நாள் கீரை கண்ணைப் பறித்தது. கரும்பச்சை. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். ஊற்றினால் ஊற்றினதற்குப் பலன் இருக்கிறது என்று அவருக்கு உள்ளூரக் கர்வம். அறுத்து வேகவைத்தால்தான் ஒரு மாதிரி சவசவ என்றிருந்தது. மாப்பிள்ளை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான்.

பிறகு தண்டு கொழகொழத்தது. இலைக்கடியில் அசுவினிப் பூச்சி அப்பியது. கீழ் இலைகள் மஞ்சளாயின. சத்துக் குறைவு என்று அவர் இன்னும் ஒரு வாளி கூட்டினார். மண்ணிலிருந்து புளித்த வாடை கிளம்பி அடுக்களைக்குள் வந்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டார். செடிகள் மண்ணோடு ஒட்டுகிற இடத்தில் கறுத்து, ஒவ்வொன்றாகச் சாய ஆரம்பித்தன. முன்பு காலடியில் பொலபொல என்றிருந்த மண், இப்போது செருப்பைப் பிடித்து இழுத்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் மூன்றாவது வாளியைத் தூக்கும்போது மதிலுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா. அவள் மிஷின் போட்டிருக்கும் ஜன்னல் நேராக இந்தப் பாத்தியைத்தான் பார்க்கும்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. வாடை தாங்கல. கொசு வேற. பிளவுஸ் தைக்க வர்றவங்க மூக்கைப் பொத்திக்கிட்டு அளவு குடுக்கிறாங்க."

"கீரைக்கு ஏதோ நோய் அம்மா. அதான் கொஞ்சம் கூட ஊத்தறேன்."

"கொஞ்சமா? காலையில ஒருத்தர், சாயங்காலம் ஒருத்தர். மாமனாரும் மருமகனும் போட்டி போட்டுக்கிட்டு ஊத்தினா அது என்னதான் பண்ணும்? அதுவும் ஒரு உசுரு தானே. மூச்சு விட வேணாமா?"

அவர் வாளியைக் கீழே வைத்தார். "காலையில யாரு?"

"என்னண்ணே தெரியாத மாதிரி கேக்கறீங்க? உங்க மருமகன்தான். நான் அஞ்சரைக்கு மிஷின்ல உக்காருவேன். அவர் பானையைத் தூக்கிட்டு வருவாரு. அந்தப் பொண்ணு போன நாள்லேருந்து ஒரு நாள் தவறினதில்ல. இப்ப மூணு வாரமா ஒரு நீலக் கேன்ல வேற கொண்டாந்து ஊத்தறாரு."

அவர் கதவுக்குப் பின்னால் போய்ப் பானையைப் பார்த்தார். நிறைய இருந்தது. எப்போதும் நிறையத்தான் இருக்கும். மாப்பிள்ளை காலையில் நேற்றுத் தண்ணீர் என்று எடுத்து ஊற்றுவது இவர் முந்தின சாயங்காலம் நிரப்பினது. இவர் சாயங்காலம் நேற்றுத் தண்ணீர் என்று எடுத்து ஊற்றுவது அவன் காலையில் நிரப்பினது. ஏழு மாதமாக அந்தப் பானை ஒரு நாளும் காலியாக நின்றதில்லை. காலியாக ஒரே ஒரு நாள் நின்றிருந்தால் இரண்டு பேரில் ஒருவர் வாயைத் திறந்திருக்கவேண்டியிருக்கும்.

நீலக் கேனை அவர் பார்த்திருக்கிறார். லிஃப்டுக்குப் போடும் எண்ணெய் என்று நினைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஐந்து மணிக்கே எழுந்து பின்னால் வந்தார். மாப்பிள்ளை ஏற்கெனவே அங்கே இருந்தான். இன்று ஊற்றவில்லை. பாத்தி ஓரம் குந்தி உட்கார்ந்து ஒரு செடியை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தான். வேர் இல்லாமல் தண்டு மட்டும் கையோடு வந்தது.

"வேர் அழுகிப்போச்சு மாமா."

"ம்."

"நான்தான் ஊத்திட்டேன். அதிகமா."

"நீங்க மட்டும் இல்ல மாப்பிள்ளை."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு படியில் மெல்ல உட்கார்ந்தார்.

"அந்தக் கேன் எங்கேருந்து?" என்று கேட்டார்.

"ஒரு ஆபீஸ் கேன்டீன். அங்க லிஃப்ட் என் பொறுப்பு. தினம் ஒரு கேன் எடுத்து வைக்கச் சொன்னேன். பஸ்ல ஏத்தமாட்டேன்னாங்க, வாடைன்னு. நடந்துதான் வந்தேன்."

அதனால்தான் மூன்று வாரமாக அவன் வீட்டுக்கு வர ஒரு மணி நேரம் தாமதமானது. அவர் அதற்கு வேறொரு காரணம் நினைத்து வைத்திருந்தார். வரப்போகிறவள் ஒருத்தி எங்கேயோ இருக்கிறாள் என்று.

"நீங்க எங்கேருந்து மாமா?"

"முக்குக் கடை."

"சும்மாவா குடுத்தாங்க?"

"நாலு அண்டா தேய்ச்சுக் குடுத்தேன். தினம்."

மாப்பிள்ளை அவர் கையைப் பார்த்தான். நகக்கண்ணெல்லாம் கரி.

"கடையில உக்காந்து பாத்திரம் தேய்ச்சீங்களா? அந்த முட்டியை வச்சுக்கிட்டு?"

"முட்டியாலயா தேய்ச்சேன், கையாலதானே."

அவன் சிரிக்கவில்லை. கையிலிருந்த தண்டை மதிலோரம் போட்டான். அடுத்ததை இழுத்தான். அவரும் படியில் உட்கார்ந்தபடியே கைக்கு எட்டியவற்றை இழுத்தார். எல்லாம் சுலபமாக வந்தன. வெளிச்சம் வருவதற்குள் பாத்தி வெறும் மண்ணாகிவிட்டது. மண்கூட இல்லை, சேறு. எதற்காக இத்தனை ஊற்றினாய் என்று அவர் அவனைக் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் வாரி ஒரு சாக்கில் கட்டினார்கள். சாக்கு நாலு கிலோ இருக்கும் என்று அவர் மனம் தன்பாட்டில் கணக்குப் போட்டது.

மூத்தவள் பத்து மணிக்கு வந்தாள். வண்டியைத் தெருவிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி நேராகப் பின்பக்கம் போனாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாத்தியைப் பார்த்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது" என்றார்.

"இதென்ன நாத்தம்? கீரையா போட்டிருந்தீங்க, இல்ல எருமை கட்டியிருந்தீங்களா?"

மதிலுக்கு அப்பால் மிஷின் நின்றது. "வாம்மா, நீயாவது கேளு" என்றாள் தையற்காரம்மா. "ரெண்டு பேரும் ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் கழுநீரை ஊத்தி ஊத்திக் கொன்னுட்டாங்க. ஒரு வீட்டுக்குள்ளதான் இருக்காங்க. ஒரு வார்த்தை பேசிக்கமாட்டாங்களாம்."

மூத்தவள் அப்பாவைப் பார்த்தாள், தங்கை புருஷனைப் பார்த்தாள். இரண்டு பேரும் நகக்கண்ணில் சேறோடு தப்பு செய்த பிள்ளைகள் மாதிரி நின்றார்கள்.

"நீங்க எதுக்கு ஊத்தினீங்கன்னு தெரியுதுப்பா. என்கூட வரப் பிடிக்கல. நீங்க எதுக்குத் தம்பி ஊத்தினீங்க?"

மாப்பிள்ளை கையைச் சட்டையில் துடைத்தான். பதில் வராது என்று பெரியவர் நினைத்தார். வந்தது.

"அக்கா, நாங்க அவளைப் பத்திப் பேசறதே இல்ல. ஒரு நாள்கூடப் பேசினதில்ல." மாமனாரைப் பார்த்தான். "பேசாம இருக்கிறதுக்கும் ஒரு ஆள் வேணுமில்ல?"

மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. தையற்காரம்மா தைக்கவில்லை, சும்மா மிதித்தாள்.

மூத்தவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். சண்டைக்கு வந்த முகம் அப்படியே இருந்தது, ஆனால் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது.

"அப்ப எனக்கு?" என்றாள். "உங்களுக்கு ஊமையா இருக்க ஒரு ஆள் கிடைச்சுட்டாங்க. எனக்குப் பேசணும். தங்கச்சி எனக்கும்தானே போனா? அங்க யாருக்கு அவளைத் தெரியும்? உங்க பெரிய மாப்பிள்ளை கல்யாணத்துல அவளைப் பாத்தாரு, அப்புறம் ரெண்டு தடவை. எம் பசங்களுக்கு அவ போன்ல வர்ற குரல். நான் யார்கிட்டப்பா போய்ச் சொல்லுவேன், அவ சின்னப் பிள்ளையில என் பாவாடையைப் பிடிச்சுக்கிட்டே பின்னால வருவான்னு? ஊரு என்ன சொல்லும்னு சொன்னா நீங்க வருவீங்கன்னு நினைச்சேன். அவ்வளவுதான்."

அவர் அந்த நாலு பேரை இத்தனை நாளும் நிஜம் என்று நம்பியிருந்தார். மூத்தவள் கெட்டிக்காரி, தைரியசாலி, அவளுக்கு என்ன குறை என்று அவளைப் பற்றி யோசிக்காமலே விட்டிருந்தார். பெரிய லோடு பின்னால் நின்றுகொண்டிருக்க, அதை மேடையில் ஏற்றாமலே எடைச் சீட்டு எழுதியிருக்கிறார்.

"மாப்பிள்ளை, இந்த மண்ணு காய எத்தனை நாளாகும்?"

அவன் குனிந்து ஒரு பிடி எடுத்துப் பிசைந்தான். விரலிடுக்கில் பிதுங்கியது. "நல்லா கொத்திவிட்டா, மழை இல்லன்னா, பதினஞ்சு நாள். அதுக்கு முன்னால விதை போட்டா அழுகிடும்."

"பதினஞ்சு நாள் நான் இவகூட இருந்துட்டு வர்றேன்."

"சரி" என்றான்.

மூத்தவள் மூக்கைச் சிந்தினாள். "பதினஞ்சு நாள் முடிஞ்சா?"

"முடிஞ்சா வந்து விதைக்கணும். அப்புறம் அறுக்கிறதுக்கு முன்னால ஒரு தடவை உங்கிட்ட வருவேன். அறுத்த பின்னால ஒரு தடவை."

"கீரைக்குத் தகுந்த மாதிரிதான் அப்பாவா எனக்கு?"

"வேற என்ன பண்ணச் சொல்றே? எனக்குக் கால் ரெண்டுதான் இருக்கு. அதுலயும் ஒண்ணு ஒத்துழைக்க மாட்டேங்குது."

அவள் அழுதபடியே சிரித்தாள். சிரித்ததற்காக அப்பா மேல் கோபப்பட்டாள். பிறகு எழுந்து உள்ளே போய், இருந்த சோற்றை மூன்று தட்டில் போட்டாள். ரசமும் ஒரு பொரியலும்தான் இருந்தன. தெருவில் வண்டிக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு ஓய்ந்தார்.

கிளம்பும்போது மாப்பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு தெருவரை வந்தான். பையை வண்டியில் வைத்தான். மாமனாருக்கு ஏறக் கை கொடுத்தான்.

"பாத்திரம் தேய்க்கிறேன்னு அங்க எந்தக் கடையிலயும் உக்காந்துடாதீங்க மாமா."

"நீங்க ஒரு சொட்டு ஊத்தாதீங்க. எல்லாம் சாக்கடைக்குப் போகட்டும்."

"சரி."

வண்டி நகர்ந்தது. அவன் தெருவில் நின்றுகொண்டிருந்தான். பிறகு உள்ளே போனான். தனியாக ஒருத்தன் வீட்டுக்குள் போகிற விதம் முதுகிலேயே தெரிந்தது. அவர் பார்க்காமல் இருக்க முயன்றார், முடியவில்லை.

பெரிய சாலை வரும்வரை மூத்தவள் கைப்பையின் வாரைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். பிறகு வெளியே பார்த்தபடி கேட்டாள்.

"காய்ச்சல்ல படுத்த ரெண்டாம் நாள் அவ எனக்கு போன் பண்ணினா. உங்களுக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"நான் யாருக்கும் சொல்லல."

வண்டிக்குள் காற்று இரைந்தது. அவருக்குக் களைப்பாக இருந்தது, கண்ணை மூடினால் தூங்கிவிடலாம் போலிருந்தது. நகர்ந்து அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தார்.

"சொல்லு" என்றார்.